கம்பளி ஏசல்

எங்கள் லாட்ஜ் மேனேஜர் ஆறுமுகம் சார், விருந்தினர் ரூமுக்குப் போகிற சோப்பைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். புதுச் சோப்பை உருவிக்கொண்டு, அதே உறைக்குள் மட்டச் சோப்பைச் சொருகி வைக்கும் ஆட்கள் இந்த உலகத்தில் உண்டாம். பால் எதுவரை இருந்தது என்று பாத்திரத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். தோசைக்கல்லின் அடியில் ஆணியால் லாட்ஜின் பெயரைக் கீறி வைத்திருந்தார். அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஒருவன் மலையிறங்கிவிட்டால் அவனுக்குத் திருட்டுக் கேஸ் போடக் கூடாது, மாலைதான் போட வேண்டும் என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏம்மா கலா, யாராச்சும் தூக்கிப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

நான் கலாவதி. ஏரிப் பக்கத்தில் இருக்கும் அந்த லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். ஏற்காட்டுக் கடைவீதியில் அப்பாவுக்குப் பெட்டிக்கடை இருந்ததால் இங்கேயே பிறந்து, நாகலூர், கரடியூர் மலைக்கிராமத்துப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஆறுமுகம் சார் ஓமலூர்ப் பக்கத்துக்காரர். அங்கே மச்சினனோடு கூட்டாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். மச்சினன் ஒரே இரவில் கடையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகுதான் மேனேஜர் வேலைக்கு மலையேறி வந்தார். சூடு கண்ட பூனை. ஆனால் அந்தப் பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாமல் இருந்தது. இவரோ பச்சைத் தண்ணீரைக் கண்டாலும் விரலை விட்டுப் பார்ப்பார். சம்சாரம் தனலட்சுமி ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை இவர் போய் வருவார். போய் வந்ததும் முதல் வேலை, தான் இல்லாத நேரத்தில் யார் யார் ஸ்டோர் ரூம் பக்கம் போனது என்ற விசாரணை.

அவருக்கு நல்ல மனசு இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குளிர்காய்ச்சலில் கிடந்த ஒரு வயதான விருந்தினருக்கு விடிய விடிய வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் அவர். மறுநாள் அதே விருந்தினர் கிளம்பும்போது பெட்டிக்குள் துண்டு இருக்கிறதா என்று பார்த்தவரும் அவர்தான்.

போன மார்கழியில் ஸ்டோர் ரூமிலிருந்து கம்பளிகள் காணாமல் போயின. நல்ல தடித்த கம்பளிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஆறுமுகம் சார் தன் கையாலேயே சிவப்பு நூலில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டிருந்தார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் உடையவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. உள்ளே இருப்பவன்தான் எடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டி எங்கள் எல்லோரையும் வரிசையாக விசாரித்தார். சமையல்காரர், துணி வெளுப்பவர், நான், கடைசியில் ரூம் வேலை பார்க்கும் முருகன்.

முருகன் கரடியூர்க்காரன். கொஞ்சம் காபித் தோட்டம், கொஞ்சம் பலா, மீதிக்கு லாட்ஜ் வேலை. வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டான். பேசாதவன் என்பதே ஆறுமுகம் சாருக்குப் போதுமான சாட்சி. அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு நாகலூர்ப் பெண் ராணியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கல்யாணச் செலவு இருக்குதில்ல?" என்றார் என்னிடம் ரகசியமாக. ஆதாரம் இல்லாததால் விட்டுவிட்டார். விட்டார் என்றால், வாயால் விட்டார். கண்ணால் விடவில்லை.

ஆவணி மாதத் தொடக்கத்தில் எங்கள் லாட்ஜின் ஹாலில் ஒரு சினிமா விழா நடந்தது. சேலத்துக் கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் சினிமா படித்த பிள்ளைகளும் சேர்ந்து நடத்திய சின்ன விழா. பெரிய திரை, பிளாஸ்டிக் நாற்காலி, இடைவேளையில் மிளகாய் பஜ்ஜி. வந்தவர்களில் பாதிப் பேர் தாடிக்காரர்கள். தாடி வைத்தவன் எதையோ மறைக்கிறான் என்பது ஆறுமுகம் சாரின் கொள்கை. அதனால் நாற்காலிகளைக் காவல் காக்க அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்தார். ஒரு ஈரான் படத்தில் ஒரு கிழவர் அரை மணி நேரம் கழுதையைத் தேடினார். "கழுதைய இவரே வித்திருப்பாரு" என்று என் காதில் சொன்னார்.

இரண்டாம் நாள் சாயந்திரம் பிரியா என்ற சேலத்துப் பெண் எடுத்த ஆவணப்படம் போட்டார்கள். நம் மலையில் கல்யாணங்களில் பெண்கள் பாடும் ஏசல் பாட்டைப் பற்றிய படம். பெண் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் நின்றுகொண்டு, மேளத்துக்கு ஏற்ப ஒருவரை ஒருவர் கிழி கிழியென்று கிழிப்பார்கள். திருடன், குடிகாரன், சொட்டைத் தலையன், எதுவும் சொல்லலாம். பதில் பாடத் தெரியாதவன் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும். பந்தலில் பேசியது பந்தலோடு. வெளியே வந்து அதை எடுத்துப் பேசினால் பேசியவனுக்குத்தான் அவமானம். எனக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ஆறுமுகம் சாருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் மலையில் இருந்தும் அவர் ஒரு மலைக் கல்யாணத்துக்குப் போனதில்லை. போனால் ஸ்டோர் ரூமை யார் பார்த்துக்கொள்வது?

திரையில் ராணியின் அத்தை பாவாயி வந்தாள். காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. மலை முழுக்கக் கேட்கிற தொண்டை. எதிரே மாலையோடு தலையைக் குனிந்து நின்றது நம் முருகன்; அவன் கல்யாணத்தில் எடுத்த காட்சி. ஹாலில் இருந்த லாட்ஜ் ஆட்கள் எல்லாம் கைதட்டினோம். பாவாயி இடுப்பில் கை வைத்துத் தொடங்கினாள்:

"ஏரிக்கரை லாட்ஜுக்குள்ள
எல்லா ரூமும் கூட்டும் மாப்ள
கம்பளிய உருவிக்கிட்டுக்
கலியாணம் பண்ண வந்தாரு!
போர்வை மேல போர்வை போட்டும்
பொண்ணு குளிரு போகலியே!"

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஆறுமுகம் சார் எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கேட்டியாம்மா? சொந்தக்காரியே சொல்றா."

"ஏனுங்க சார், அது ஏசல் பாட்டுங்க. சும்மா கிண்டலுக்குப் பாடறது. நீங்க கம்பளியத் தேடின கதை மலை முழுக்கத் தெரியுமில்லீங்களா, அதைப் புடிச்சுப் பாடிட்டாங்க."

"நெருப்பில்லாமப் புகையுமா?"

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. வெளியே போய் முதலாளிக்கு போன் போட்டார். முதலாளி சேலத்தில் இருந்தார். முருகனை உடனே அனுப்பிவிடட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கழித்துத் தானே வருவதாகவும், அதற்குள் கையில் ஏதாவது ஆதாரம் வைத்திருக்கும்படியும் அவர் சொல்லியிருக்கிறார். முருகனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவன் போர்வை உதறிக்கொண்டிருந்தான். உதறுவதை நிறுத்திவிட்டு, "ராணி முழுகாம இருக்குதுங்கக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு ஆறுமுகம் சார் மேல் வந்த கோபத்துக்கு அன்று அவருக்கு டீ கொண்டுபோய் வைக்கவில்லை. அவர் அதையும் சந்தேகமாகப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகலூரில் பாவாயியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. ஆறுமுகம் சாரும் கிளம்பி நின்றார். ஆசீர்வாதம் செய்ய அல்ல. கல்யாண வீட்டில் விருந்தாளிகளுக்காக இருக்கிற போர்வையெல்லாம் வெளியே வருமாம். சிவப்பு நூலைத் தேடப் போகிறாராம்.

பஸ்ஸில் இறங்கி எஸ்டேட் வேலியோரம் நடக்கும்போதே மேளச் சத்தம் கேட்டது. அவர் நினைத்து வந்தது ஏதோ நாலு கிழவிகள் முணுமுணுப்பார்கள் என்று. பந்தலுக்குள் நுழைந்ததும் திகைத்துப்போனார். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பாட்டுக் கூட்டம் வந்திருந்தது. கரடியூர்ப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வந்திருந்தார்கள். நாகலூர்க்காரர்களுக்குச் சொந்தமாக மைக்கும் சக்கரம் வைத்த ஸ்பீக்கரும் இருந்தன. இளவட்டப் பெண்கள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பாட்டுகள் சாயந்திரத்துக்குள் மலை முழுக்க வாட்ஸப்பில் ஓடும். அடுத்த கல்யாணத்துக்குப் பதில் தயாராகும். மேளம் அடிப்பவர்களின் நடுவில் முருகன் நின்றான். லாட்ஜில் தலைகுனிந்து போகிற முருகன் இல்லை அவன். தோளை உயர்த்திக்கொண்டு அவன் அடித்த அடிக்குக் கூட்டமே ஆடியது.

"இவனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார் ஆறுமுகம் சார். கேட்ட குரலில் ஆச்சரியம் பாதி. இத்தனை நாள் மறைத்துவிட்டான் என்ற குற்றச்சாட்டு பாதி.

ஒரு பத்து நிமிஷம் அவர் பாட்டைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கால் தாளம் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு வந்த வேலை நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. நழுவிப் போய், வீட்டோரம் கயிற்றுக் கட்டிலில் குவித்திருந்த போர்வைகளின் மூலைகளை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார்.

பாவாயி கண்ணில் கொசு தப்பாது. மேனேஜர் தப்புவாரா? மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராக அவரிடம் போனாள்.

"ஏனுங்க மேனேஜரய்யா, எங்க ஊட்டுல எதைத் தேடறீங்க?"

"கம்பளி," என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நீதானே பாடுனே, முருகன் எடுத்தான்னு? எங்க வெச்சிருக்கான், சொல்லிப்போடு."

ஏசலில் சொன்னதை நேரில் வந்து கேட்ட ஆளை அந்த மலை அதுவரை பார்த்ததில்லை. பாவாயிக்கு முதலில் கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது. அப்புறம் அது சிரிப்பாக மாறியது. மேளக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினாள். முருகன் தயங்கினான். "அடிடா மாப்ள!" என்று அதட்டினாள். அடித்தான்.

"சோப்பு மோந்து பாக்கும் ஐயா
துண்டு எண்ணிப் பாக்கும் ஐயா
கம்பளிய எங்க வெச்சே
கையத் தட்டிச் சொல்லு ஐயா!
சேலம் போற பஸ்சுக்குள்ள
சீட்டுக்கடியில் சுருட்டி வெச்சு
வித்துப்புட்டு வந்த ஐயா
வெரல எங்க மேல நீட்டும் ஐயா!"

சின்னக் குழந்தைகள்கூட உருண்டு புரண்டு சிரித்தார்கள். ஆறுமுகம் சாருக்குப் பதில் பாடத் தெரியாது. வழக்கப்படி அவரைக் கடைசிப் பந்திக்கு நிறுத்தி வைத்தார்கள். ரசம் தீர்ந்து போயிருந்தது. "நொம்பக் கோவிச்சுக்காதீங்க சாமி, அடுத்த பந்தல்ல பதில் சொல்லிப்போடுங்" என்று பாவாயியே வந்து மோர் ஊற்றினாள். அவர் அந்த மோரை முகர்ந்து பார்க்காமல் குடித்தார். அப்போதே எனக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பட்டது.

மறுநாள் முதலாளி வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே போனை மேஜைமேல் வைத்து வீடியோவை ஓடவிட்டார். ஏற்காட்டில் அவருக்குத் தெரிந்த யாரோ அனுப்பியிருக்கிறார்கள். 'சேலம் போற பஸ்சுக்குள்ள சீட்டுக்கடியில் சுருட்டி வெச்சு' என்று பாவாயியின் தொண்டை அறை முழுக்கக் கேட்டது.

"என்ன ஆறுமுகம் இது?"

"பாட்டுங்க, மொதலாளி."

"பாட்டுதான். நெருப்பில்லாமப் புகையுமான்னு நீதானே போன்ல கேட்டே? மாசாமாசம் நீதானே சேலம் பஸ் ஏறறே?"

ஆறுமுகம் சாரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. ஓமலூரில் கடை போன அன்று அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு துண்டு நூலைக்கூடத் திருடாத மனுஷன். அவரைப் பார்த்து ஒருவர் திருடன் என்கிறார், அதுவும் ஒரு பாட்டை நம்பி.

முதலாளி முருகனையும் கூப்பிட்டு நிறுத்தினார். "ரெண்டு பாட்டு இருக்குது. ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணும் உண்மை. பொய்யின்னா ரெண்டும் பொய். யாரு சொல்றீங்க?"

முருகன் ஆறுமுகம் சாரைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை நாள் பட்டதற்கெல்லாம் கணக்குத் தீர்த்திருக்கலாம். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் தீர்த்திருப்பேன்.

"ஏசல் பாட்டுங்க," என்றான் முருகன். "சாரு அப்படிப்பட்டவரு இல்லீங்க. பந்தல்ல பேசறது பந்தலோட போயிருமுங்க."

முதலாளி இவர் பக்கம் திரும்பினார். ஆறுமுகம் சாருக்கு அந்தச் சந்தேகத்தைக் கையிலிருந்து விடுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். எட்டு மாதம் வளர்த்த சந்தேகம்.

"ரெண்டும் பொய்யிங்க," என்றார் மெதுவாக. "ரெண்டும் பாட்டுதானுங்க."

"அப்ப விட்டுத் தொலைங்க. பழைய கம்பளி, போனாப் போகுது," என்று முதலாளி எழுந்துகொண்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை பிடிக்கவில்லை. ஒரு ஸ்பூன் தொலைந்தாலே சம்பளத்தில் பிடிக்கச் சொல்கிற மனுஷன் அவர்.

அவர் பையை முருகன் தூக்கிக்கொண்டு போனான். காரின் பின்கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஆறுமுகம் சார் எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். பின்சீட்டில் முதலாளியின் கொழுத்த நாய் படுத்திருந்தது. அதற்கு அடியில் விரித்திருந்த கம்பளியின் மூலையில் சிவப்பு நூலில் பெருக்கல் குறி.

ஸ்டோர் ரூமுக்கு இன்னொரு சாவி முதலாளியிடம் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சோப்பைச் சந்தேகப்பட்டவர், பாலைச் சந்தேகப்பட்டவர், தாடியைச் சந்தேகப்பட்டவர், அந்த ஒரு சாவியை மட்டும் சந்தேகப்படவில்லை. முதலாளியின் பொருள், முதலாளி எடுத்தார், அது திருட்டு இல்லை, சரி. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே? எட்டு மாதமாக இங்கே ஒருத்தன் தலை குனிந்து நடந்தானே?

நாய் எங்களைப் பார்த்து ஒருமுறை குரைத்தது. "அவனுக்குக் குளிரு ஆகாது," என்று சொல்லிவிட்டு முதலாளி காரை எடுத்தார். ஆறுமுகம் சார் வணக்கம் சொன்னார். முதலாளியை எதிர்த்துக் கேட்க முடியாது; ஊரில் தனலட்சுமியின் அடுப்பு எரிவது இவர் அனுப்பும் பணத்தில்தான். முருகனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. இந்த மனுஷனுக்கு மன்னிப்பு என்ற சொல் வாயில் வராதா என்று பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கரடியூரில் முருகனின் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். ஆறுமுகம் சார் காலையிலேயே சவரம் செய்து, வேட்டி கட்டி, என் மேஜை முன்னால் வந்து நின்றார். ஸ்டோர் ரூம் சாவியைச் சமையல்காரரிடம் கொடுத்திருந்தார். பஸ்ஸில் வழி முழுக்க உதடு அசைந்துகொண்டே வந்தது.

பந்தலில் பாவாயி அவரைக் கண்டதும் மைக்கை நீட்டினாள். "வந்துட்டாரு மேனேஜரய்யா! பதில் பாக்கி இருக்குதுங்!" இவர் வாங்கிக்கொண்டார். மேளம் வைத்திருந்த முருகனை ஒருமுறை பார்த்தார். தாளமே இல்லாத குரலில், ஊர்ப் பஜனையில் பாடுகிற மாதிரி பாடினார்:

"கம்பளியத் தேடிக்கிட்டுக்
காடு மேடு சுத்தி வந்தேன்
போத்திப் படுத்த திருடனத்தான்
பொழுது சாயக் கண்டுகிட்டேன்!
மொதலாளி காருக்குள்ள
மூணு வேளை கறியத் தின்னு
வாலை ஆட்டிப் படுத்திருந்தான்
வள்ளுன்னு கொலச்சுப்புட்டான்!"

முதலாளியின் நாயையே திருடனாக்கிவிட்டாரே என்று பந்தல் அதிர்ந்தது. பாவாயி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "எங்கிருந்துங்க இப்படிப் பொய்யப் புடிச்சீங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவர் கையை உயர்த்தினார். இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

"முத்து மாதிரி புள்ள மேல
மூட்டைப் பழி தூக்கி வெச்ச
மூளை கெட்ட மேனேஜரு
முன்ன வந்து நிக்கறேனுங்க!"

"அய்யய்யோ, தன்னைத்தானே ஏசிக்கக் கூடாதுங்க, அது ஏசல்ல சேராது!" என்று பாவாயி சிரித்துக்கொண்டே தடுத்தாள். பந்தல் மறுபடியும் சிரித்தது. மேளம் மட்டும் நின்றுபோயிருந்தது.

"ஏன்டா மாப்ள, எதுக்கு நிறுத்திட்டே?"

"கை வலிக்குதுங்க அத்தை," என்றான் முருகன். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

ஆறுமுகம் சாரை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். முருகன்தான் ரசம் ஊற்றினான். போதும் என்று இவர் கையை மறித்தும் கேட்காமல் ஊற்றினான்.